கீறல்

கையடக்கத் தொலைபேசியை உறை போடாமல் பாவிப்பவர்களை இக்காலத்தில் காண்பது அரிது. புதியதொன்றை வாங்கப் போனால், பெட்டியைப் பிரிக்கும்போதே "கவர் எது வேணும்?" என்று கடைக்காரர் கேட்டுவிடுவார். நான் ஏறத்தாழ ஒரு வருடம் உறையில்லாமல் பாவித்தேன். அந்த ஒரு வருடத்தில் பட்ட பாட்டையும், ஒரு நாள் அடைந்த வெட்கத்தையும் எழுதிவைக்க வேண்டும் போலிருக்கிறது.

தொலைபேசி இலண்டனில் இருக்கும் மகள் அனுப்பியது. நேர்த்தியான கண்ணாடி முதுகு, மெல்லிய உலோக விளிம்பு. "அப்பா, முதல் வேலையாக ஒரு கவர் வாங்கிப் போடுங்கோ" என்றாள். நான் கேட்கவில்லை. அதற்குக் காரணம் என் தந்தையாரின் வானொலிப்பெட்டி.

அவர் அதை வாங்கிய நாள் தொடக்கம் தோலுறைக்குள்ளேயே வைத்திருந்தார். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி கொண்டுவரத் தடை இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, நான் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவின் மின்சாரத்தில் அந்த வானொலி செய்தி சொல்லும். வயரை உள்ளே விடுவதற்காக உறையில் ஒரு துளை போட வேண்டி வந்தபோது அவர் முகம் வாடியதை நான் கண்டேன். 1995 ஒக்ரோபர் இறுதியில் ஊரே வெளிக்கிட்டபோதும் அது உறையுடனேயே எங்களோடு வந்தது. அவர் மறைந்த பின்னர்தான் முதன்முறையாக உறையைக் கழற்றிப் பார்த்தேன். வெளியே தோல் வெடித்து நைந்திருந்தது. உள்ளே வானொலி கடையிலிருந்து அன்றுதான் எடுத்து வந்தது போல மினுங்கியது. இந்தப் புதுமையை யார் கண்டார்கள், யாருக்காக இது காப்பாற்றப்பட்டது என்று அப்போது நினைத்தேன். என் பொருள்களை நான் அப்படி மூடி வைக்க மாட்டேன் என்று அன்று முடிவு செய்தேன்.

உறை போடாதவன் கவலையற்றவன் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். சட்டைப்பையில் தொலைபேசி இருந்தால் பேனாவை வேறு பையில் வைப்பேன். திறப்புக்கோர்வையை எதிர்ப்பக்கக் காற்சட்டைப் பைக்கு மாற்றினேன். தேநீர்க்கடை மேசையில் வைப்பதானால் முதலில் கைக்குட்டையை விரிப்பேன். இரவில் மின்விளக்கின் கீழ் சரித்துப் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று தேடுவேன். அலுவலகத்து இளைஞர்கள், "அண்ணை பிள்ளைக்குக் குளிப்பாட்டுறார்" என்று பகிடி பண்ணினார்கள்.

பத்திரிகைக்காரனின் பழக்கம் விடாது. இந்தக் கண்ணாடியைப் பற்றியும் தேடி வாசித்தேன். 2007 இல் வெளிவந்த முதலாவது ஐபோனுக்கு அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனம் கண்ணாடி செய்து கொடுத்தது. இத்தகைய கண்ணாடியை உருகிய பொற்றாசியம் உப்பில் அமிழ்த்தி வைக்கிறார்கள். கண்ணாடியிலுள்ள சிறிய சோடியம் அயன்கள் வெளியேற, அவற்றின் இடத்தில் பெரிய பொற்றாசியம் அயன்கள் நெருக்கிக்கொண்டு அமர்கின்றன. அந்த நெருக்கத்தால் மேற்பரப்பு இறுகி, கண்ணாடி இலகுவில் உடையாத உறுதியைப் பெறுகிறது. ஆனால் கீறல் வேறு சங்கதி. ஜேர்மனியக் கனிமவியலாளர் பிரெட்ரிக் மோஸ் 1812 இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் கண்ணாடி ஏறத்தாழ 6 ஐ ஒட்டி நிற்கிறது. பித்தளைத் திறப்பு அதைவிட மிகவும் மென்மையானது. மணலிலுள்ள குவார்ட்ஸ் 7. நான் இத்தனை நாளும் திறப்புக்குப் பயந்தது வீண். பயப்பட வேண்டியது மண்ணுக்கு. மண் ஒட்டியிருக்கும்போது துணியால் தேய்ப்பது அதனிலும் மோசம்.

அந்த அறிவோடுதான் 2023 இல் முல்லைத்தீவுக் கரையோரக் கிராமமொன்றுக்குப் போனேன். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் வீதியோரத்தில் தொடங்கிய போராட்டத்தில் ஆரம்பம் முதலே இருந்துவரும் ஒரு தாயைச் சந்திக்க வேண்டியிருந்தது. எழுபதைக் கடந்தவர். முற்றத்து வேம்பின் கீழ் ஒரு பிளாஸ்ரிக் கதிரையை எனக்குத் தந்துவிட்டு அவர் சீமெந்துத் திண்ணையில் இருந்தார். ஒலிப்பதிவை இயக்கித் தொலைபேசியை அவருக்கு அருகில் வைத்தேன். திண்ணையெங்கும் கடற்கரை மணல். என் மனம் அங்கேயே போய்விட்டது.

அவர் 2009 மே மாதத்துக்கு வந்திருந்தார். மகனைப் பஸ்ஸில் ஏற்றிய இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது காற்று வீசியது. மணல் தொலைபேசியின் மேல் விழுந்தது. நான் என்னை அறியாமலே கையை நீட்டி அதை எடுத்து, ஊதி, கைக்குட்டையின் நுனியால் ஒற்றினேன். அவர் பேச்சை நிறுத்தினார்.

"மண் பட்டுட்டுதோ தம்பி? வடிவாத் துடையுங்கோ. நான் பிறகு சொல்லுறன்."

அந்தக் குரலில் கோபமோ குத்தலோ இல்லை. ஒரு பொருளைப் பழுதாகாமல் வைத்திருப்பதன் சிரமத்தை அறிந்தவரின் பரிவுதான் இருந்தது. அவர் மடியில் மகனின் படம் இருந்தது. லமினேற் செய்தது. வெயிலிலும் மழையிலும் ஊர்வலங்களில் தூக்கிப் பிடித்ததில் முகத்தின் மேலெல்லாம் கீறல். நான் அதைப் பார்ப்பதைக் கண்டு, "இது மூண்டாவது கொப்பி. முதல் படத்தை நான் வெளியில எடுக்கிறேல்லை. பொலித்தீன் பையில சுத்தி அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறன்" என்றார்.

அன்றிரவு வீடு திரும்பி விளக்கின் கீழ் பார்த்தேன். திரையின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கீறல் விழுந்திருந்தது. அது என்னை வருத்தவில்லை. கட்டுரை எழுதுவதற்காக ஒலிப்பதிவைக் கேட்டபோதுதான் உண்மையான கீறலைக் கேட்டேன். "பஸ்ஸில ஏத்தேக்க அவன் திரும்பிப் பாத்து..." என்று அவர் சொல்லும் இடத்தில் பேச்சு அறுந்து, சில விநாடிகள் துணி உரசும் சத்தம் மட்டும் கேட்கிறது. அதன் பின் அவர் அந்த வசனத்தை முடிக்கவில்லை. வேறு இடத்திலிருந்து தொடங்கினார். மகன் திரும்பிப் பார்த்து என்ன சொன்னான் என்பது என் பதிவில் இல்லை. அடுத்த மாதம் போய்க் கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள கடையில் ஒரு கறுப்பு றப்பர் உறை வாங்கிப் போட்டேன். அழகில்லாதது. அதை எங்கே வேண்டுமானாலும் வைத்துவிட்டு, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடிகிறது.

தந்தையாரின் வானொலியைப் பற்றி நான் நினைத்ததும் பிழையாக இருக்கலாம். இருண்ட முற்றத்தில், நான் மிதியைச் சுற்ற, அவர் கண்ணை மூடிக்கொண்டு காதைச் சரித்து இருந்தது நினைவிருக்கிறது. அவர் வானொலியைப் பார்த்ததே இல்லை; செய்தியைத்தான் கேட்டார்.