காத்திருக்கிறோம், கைகட்டிக்கொண்டு அல்ல

கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் மாணவர்கள் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எழுபத்தஞ்சு வருசமா ஜெபம் பண்றீங்க, உண்ணாவிரதம் இருக்கீங்க, கறுப்புக்கொடி புடிக்கிறீங்க. உங்க ஆண்டவர் இன்னும் எதுக்குக் காத்திருக்கார்?" கேட்பவர்களில் அம்பேத்கரிய வாசிப்பு வட்டத்துப் பிள்ளைகள் உண்டு. ஞாயிறு காலையில் எங்களோடு ஆராதனையில் உட்காரும் பிள்ளைகளும் உண்டு. எங்களுக்கு இதில் கோபம் இல்லை. ராத்திரி விளக்கணைத்த பிறகு நாங்களும் கேட்டுக்கொள்கிற கேள்விதான். அதை வெளிப்படையாகப் பேசிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில், எதற்காகக் காத்திருக்கிறோம்? 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணையில் மூன்றாவது பத்தி ஒன்று இருக்கிறது. இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றும் யாரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார்கள் என்பது அதன் சாரம். 1956இல் சீக்கியர்களுக்கு அந்தக் கதவு திறந்தது. 1990இல் பௌத்தர்களுக்குத் திறந்தது. தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்னும் வாசலில் நிற்கிறோம். 2004இல் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இழுபட்டு வந்திருக்கிறது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாவது பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. அறிக்கை நாடாளுமன்றத்தின் மேசைக்கு வந்ததே 2009 டிசம்பரில்தான். 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிதாக ஓர் ஆணையம் அமைந்தது. இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள், பிறகு நீட்டித்தார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் எங்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. முடிவெடுக்க வேண்டியது டெல்லி.

இந்தக் காத்திருப்பு தினசரி வாழ்க்கையில் என்னவாக இருக்கிறது என்பது எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்குத் தெரியும். சேரியில் ஒரே வரிசையில் இரண்டு வீடு. இரண்டு வீட்டுத் தாத்தாவும் ஒரே பண்ணையில் கூலி வேலை செய்தவர்கள். ஒரு வீட்டுப் பிள்ளைக்கு எஸ்.சி. சான்றிதழ், ஞானஸ்நானம் பெற்ற வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ்நாட்டுப் பட்டியலில் பி.சி. சான்றிதழ். ஆதிக்க சாதிக்காரன் அடிக்க வரும்போது இரண்டு பிள்ளைக்கும் ஒரே வசவுதான், ஒரே அடிதான். காவல் நிலையத்துக்குப் போனால் ஒருவருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு, மற்றவருக்கு இல்லை. தனித்தொகுதியில் ஒருவர் நிற்கலாம், மற்றவர் நிற்க முடியாது.

அதனால் எங்களில் பலர் இரண்டு பெயரோடு வளர்ந்தோம். வீட்டிலும் கோயிலிலும் ஒரு பெயர், பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறொரு பெயர். விண்ணப்பத்தோடு ஊழியர் விசாரிக்க வரும் நாளில் சுவரில் இருக்கும் சிலுவை பெட்டிக்குள் போகும். இதைச் செய்த தாய்மார்களை யாரும் பரிகசிக்க வேண்டாம். பிள்ளை படிக்க வேண்டும் என்பதற்காகத் தங்கள் விசுவாசத்தை மடித்துத் துணிக்கடியில் வைத்தவர்கள் அவர்கள். வெட்கப்பட வேண்டியது அவர்களை அந்த இடத்துக்குத் தள்ளிய ஆணை.

"கிறிஸ்தவத்தில்தான் சாதி இல்லையே, பிறகு ஏன் இட ஒதுக்கீடு?" என்று கேட்கிறார்கள். 2015இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னதைப் பாருங்கள். கிறிஸ்தவராகப் பிறந்த ஒருவர், தன் முன்னோர் பட்டியல் சாதியினர் என்று நிரூபித்து, இந்து மதத்துக்குத் திரும்பி, அந்தச் சமூகமும் அவரை ஏற்றுக்கொண்டால், அவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடைக்கும் என்றது. அப்படியானால் அந்தக் குடும்பத்தின் சாதி இத்தனை காலமும் எங்கே இருந்தது? ஊர் அதை மறக்கவே இல்லை என்றுதானே அர்த்தம்?

சபையும் மறக்கவில்லை. தனிக் கல்லறை, கல்லறைக்கு நடுவே சுவர், திருவிழாத் தேர் திரும்பாத தெரு, இவையெல்லாம் இந்த மண்ணில் நாங்கள் கண்ணால் பார்த்தவை. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டுப் போராடியபோது அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தன் கொள்கை அறிக்கையில் திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. எனவே நாங்கள் இரண்டு வாசலில் காத்திருக்கிறோம். ஒன்று அரசாங்கத்தின் வாசல். இன்னொன்று எங்கள் சொந்தத் தகப்பன் வீட்டு வாசல்.

இங்கேதான் "பொறுமையாக இருங்கள், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சிலர் பிரசங்கம் செய்வார்கள். பெரும்பாலும் மேசையின் அந்தப் பக்கம் இருப்பவர்கள். 1963இல் பர்மிங்காம் நகரத்தில் எட்டு வெள்ளையின மதகுருக்கள் மார்ட்டின் லூதர் கிங்கின் போராட்டத்தை அவசரமானது என்று கண்டித்தார்கள். அவர்களுக்குச் சிறையிலிருந்து பதில் எழுதிய கிங்கும் ஒரு போதகர்தான். அவர்கள் வைத்திருந்த அதே வேதாகமத்தை வைத்தே மறுத்தார். அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பே, எங்களால் ஏன் காத்திருக்க முடியாது என்பதுதான். கடவுளுக்காகக் காத்திருப்பதையும் ஆதிக்கக்காரனின் வசதிக்காகக் காத்திருப்பதையும் அவர் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவில்லை. நாமும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வேதாகமத்தில் காத்திருந்தவர்கள் எப்படிக் காத்திருந்தார்கள்? இயேசு சொன்ன கதையில் ஒரு விதவை வருகிறாள். கடவுளுக்கும் பயப்படாத, மனிதரையும் மதிக்காத ஒரு நியாயாதிபதியின் வாசலுக்கு ஓயாமல் போய் நியாயம் கேட்கிறாள். அவள் தொல்லை தாங்காமல்தான் அவன் தீர்ப்புச் சொல்கிறான். சோர்ந்துபோகாமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்கு இயேசு காட்டிய உதாரணம், வீட்டில் கண்மூடி உட்கார்ந்த பக்தை அல்ல, மனு கொடுத்துக்கொண்டே இருந்த ஒரு பெண்.

எண்ணாகமத்தில் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் வருகிறார்கள். தகப்பன் செத்துவிட்டார், அண்ணன் தம்பி இல்லை, சட்டப்படி நிலத்தில் பங்கு இல்லை. மோசேக்கும் தலைவர்களுக்கும் சபை முழுவதற்கும் முன்னால் வந்து நின்று கேட்டார்கள். மோசே அதைக் கடவுளிடம் கொண்டுபோனார். அந்தப் பெண்கள் கேட்பது சரி என்று பதில் வந்தது, சட்டம் மாறியது. கடவுளின் பெயரால் வந்த சட்டமே கேட்டபோது மாறியது என்றால், 1950ஆம் ஆண்டு ஆணை ஒன்று மாறக் கூடாதா?

ஆபகூக் தீர்க்கதரிசியோ எங்கள் மாணவர்கள் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டார். எத்தனை காலம் கூப்பிடுவது, நீர் ஏன் கேட்கவில்லை என்று கடவுளிடம் முறையிட்டார். பிறகு காவல்மேடையில் ஏறி நின்றார். அவருக்குக் கிடைத்த முதல் கட்டளை, கண்டதைப் பலகையில் தெளிவாக எழுது என்பது. தாமதமானாலும் அது வரும் என்ற வாக்குறுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

"எழுது" என்ற அந்தக் கட்டளை எங்களுக்கு மிக முக்கியம். ஏன் என்று சொல்கிறோம். சென்னையில் சாலையோரம் செருப்பு தைத்துவந்த சூசை என்ற கிறிஸ்தவத் தோழர், இந்து தலித் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதால் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் அவர் மனு தள்ளுபடியானது. மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதைக் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றது நீதிமன்றம். கொடுமை இருந்தது, அது காகிதத்தில் இல்லை. எழுதப்படாத அந்தப் பலகைக்காக ஒரு செருப்புத் தொழிலாளி தோற்றார்.

ஆகவே மாணவத் தோழர்களே, உங்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் ஊர்க் கல்லறையைப் போய்ப் பாருங்கள். யார் எங்கே புதைக்கப்படுகிறார்கள், தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, பங்குப்பேரவையிலும் சபைக் கமிட்டியிலும் யார் இருக்கிறார்கள், சபை நடத்தும் பள்ளியிலும் கல்லூரியிலும் நம் பிள்ளைகளுக்கு எத்தனை இடம், எத்தனை வேலை என்பதைத் தேதியோடு எழுதுங்கள். படம் எடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். ஆணையம் கேட்டாலும் நீதிமன்றம் கேட்டாலும் எடுத்துவைக்க நம் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தால் பிறகு கடவுள் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தோல்விக்குப் பின் திரும்ப எழுந்து வருவதற்கு எங்களுக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய, நாங்கள் பரட்டை என்று பிரியமாக அழைத்த தியோபிலஸ் அப்பாவு, தீண்டத்தகாதது என்று ஒதுக்கப்பட்ட பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். அந்தச் சத்தத்தில் கடவுள் எங்கள் பக்கம் நிற்பதை எங்கள் தாய்மார்கள் அறிந்துகொண்டார்கள். சாதி எங்களைப் பற்றிச் சொன்னது பொய் என்று முதலில் சொன்னவர் எங்கள் ஆண்டவர். அரசாணை வந்த பிறகுதான் நாங்கள் மனிதர்கள் ஆகப்போவதில்லை. மனிதர்களாக இருப்பதால்தான் அந்த ஆணையைக் கேட்கிறோம்.

பெரிய வெள்ளிக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் நடுவில் ஒரு சனிக்கிழமை இருக்கிறது. அன்றைக்கு வானத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆனால் கல்லறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பெண்கள் அதற்கு முன்பே சுகந்த வர்க்கங்களையும் தைலத்தையும் தயார் செய்து வைத்திருந்தார்கள். விடிந்ததும் எடுத்துக்கொண்டு போனார்கள். கல் புரண்டிருந்ததை முதலில் பார்த்தவர்கள் அவர்கள்.

எங்கள் சனிக்கிழமை நீளமானது. எங்கள் தாத்தா பாட்டி அதன் முடிவைப் பார்க்காமலே போனார்கள், நாங்களும் பார்க்காமல் போகலாம். அதனால்தான் குறிப்பேட்டை இப்போதே உங்கள் கையில் கொடுக்கிறோம். ஆகஸ்ட் 10 அன்று கறுப்புக்கொடியோடு வாருங்கள். வரும்போது நீங்கள் எழுதியதையும் கொண்டுவாருங்கள்.

ஜெய் பீம்.