கொசு பறக்கிறது

என் கதைகளுக்கெல்லாம் மாமாதான் முதல் வாசகர். புகழ்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். சிவப்புப் பென்சில் இல்லாமல் படிக்க மாட்டார். ஒற்றுப் பிழை அவருக்குப் பல்லில் கல்.

அவருக்கு நெற்றியில் அக்கி வந்தது. அத்தை குயவரை அழைத்துக் காவியால் எழுதச் சொன்னாள். புண் ஆறிற்று, குயவருக்குப் பெயரும் கிடைத்தது. மூன்று வாரம் கழித்து, படிக்கிற மாமா அடிக்கடி கையை வீசினார்.

“என்ன மாமா?”

“கொசுடா. வலக் கண் பக்கமே சுற்றுகிறது.”

கொசுவே இல்லை. “வயசாச்சு மாமா, கண்ணாடியை மாற்றுங்கள்” என்று சிரித்தேன். கண்ணாடிக் கடையில் பலகையின் கடைசி வரி வரை தட்டில்லாமல் படித்தார். இருவருக்கும் நிம்மதி. ஒன்பது நாள் போயிற்று.

பிறகுதான் டாக்டர் சொல்லித் தெரிந்தது. சின்ன வயதில் சின்னம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விட்டதும் விவகாரம் தீர்ந்தது என்று நினைக்கிறோம். அம்மை தந்த வைரஸ் போவதில்லை. நரம்பின் வேரில் தூங்குகிறது. ஐம்பது வருஷம் கழித்து விழித்தால் அக்கி. அபூர்வமாக அது விழித்திரைக்குள்ளும் புகுந்துவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. நோய் பழைய ஏட்டைச் செல்லரிப்பதுபோல் ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வருகிறது. எழுத்தைப் படிப்பது நடுப்பகுதி. ஆகையால் பலகை எங்களை ஏமாற்றிவிட்டது. சொட்டு மருந்தால் பாப்பாவை விரித்துப் பார்த்தால்தான் ஓரம் தெரியும்.

1971-ல் ஜப்பானிய டாக்டர் உராயாமாவும் சகாக்களும் இந்நோயை முதலில் விவரித்தபோது அதற்கு மருந்து கிடையாது. பிற்பாடு அசைக்ளோவிர் வந்தது. அதைக் கண்டெடுத்த குழுவை நடத்திய கெர்ட்ரூட் எலியன் அம்மாள் 1988-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். அவர் படம் என் மேஜைமேல் இருக்கிறது; மாமாவுக்குத் தெரியாது.

அந்த மருந்தை எட்டு மணிக்கொரு தரம் நரம்பில் ஏற்றினார்கள். அப்புறம் பல வாரம் மாத்திரை. எல்லாம் இடக் கண்ணுக்காக. மருந்தில்லாத காலத்தில் மூன்றில் ஒருவருக்கு மற்றக் கண்ணும் போகுமாம். வலக் கண்ணில் அரித்த திரை கிழிந்து கழன்றது. ஆபரேஷன் செய்து ஒட்டினார்கள். செத்த திரை பிழைக்கவில்லை. இப்போது அதில் ஆள் நடமாடும் நிழல் தெரிகிறது, அவ்வளவுதான். காப்பி டம்ளரை மேஜை விளிம்புக்கு அப்பால் வைக்கிறார். அத்தை பேசாமல் துடைக்கிறாள்.

இந்தக் கட்டுரையையும் மாமாவிடம்தான் கொடுத்தேன். முகத்தைச் சற்றே வலப்புறம் திருப்பி, இடக் கண்ணால் நிதானமாகப் படித்தார். நான் ‘எட்டு நாள் போயிற்று’ என்று எழுதியிருந்தேன். அதை அடித்து ‘ஒன்பது’ என்று சிவப்பில் எழுதி, தாளைத் திருப்பிக் கொடுத்தார்.