ரோதை முனியின் இடது கை

அந்தச் சுவரில் யாரோ ஒருவர் நிற்பது ஆசிரியருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கேகாலை மாவட்டத்தில் ஓர் இறப்பர் தோட்டம். ஸ்டோர் என்று அழைக்கப்படும், வேலை நின்றுபோன பழைய தொழிற்சாலை. அதன் பின்சுவரில், ஆள் உயரத்துக்கும் சற்று மேலே, காவி நிறத்தில் ஒரு தோள், ஒரு பக்க மீசை, மடங்கிய ஒரு முழங்கால். மற்றதெல்லாம் பாசியும் சுண்ணாம்பும். பெரட்டுக்குப் போகிறவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் மட்டும் பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

அதே தோட்டத்து லயத்தில் பிறந்து இன்று தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் அவர், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் கெமராவோடு அங்கே போனார். கூரைத் தகரம் இரண்டு இடங்களில் கழன்று தொங்கியது. அடுத்த மழைக்காலத்தைச் சுவர் தாங்குமா என்ற கவலைதான் அவரை இழுத்து வந்தது. கேகாலையும் இரத்தினபுரியும் சேர்ந்த சப்ரகமுவவில் அது வீண் கவலை இல்லை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புலத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்தபோது, வீடுகளையும் அவற்றுக்குள் இருந்த உயிர்களையும் மண் ஒரே நாளில் மூடியது. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு சுவர்ச் சித்திரத்துக்கு என்ன ஆயுள் இருக்க முடியும்?

மங்கிய சித்திரத்தைப் படம் எடுப்பது பொறுமையைக் கேட்கிற வேலை. நேர் வெயில் விழுந்தால் சுண்ணாம்பின் வெளிச்சத்தில் நிறம் கரைந்துவிடுகிறது. மேகம் மூடிய நேரத்தில் நிறம் தெரிகிறது, கோடு தெரிவதில்லை. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் டோர்ச் அடித்தால் தூரிகை போன தடம், காரை பெயர்ந்த விளிம்பு, பழைய ஆணித் துளை எல்லாம் நிழலோடு எழும்புகின்றன, ஆனால் நிறம் போய்விடுகிறது. ஆகவே ஒரே இடத்தை ஒவ்வொரு வெளிச்சத்திலும் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் ஓர் அடிக்கோலையும் சாய்த்து வைத்துக்கொண்டார்.

கூட வந்த பையன் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தான். ஊற்றினால் நிறம் பளிச்சென்று எழும்பும் என்பது அவன் கணக்கு. கணக்கு சரிதான், ஈரம் பட்டதும் காவி துலங்கும். ஆனால் சுவருக்குள் புகுந்த நீர் காயும்போது உப்பை வெளியே இழுத்துவரும். அந்த உப்பு மேல் சுண்ணாம்பைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். ஒரு நல்ல படத்துக்காக அடுத்த பத்து வருடத்தைக் கழுவி ஊற்றுகிற வேலை அது. வாளி திரும்பிப் போனது.

ஏன் காவி மட்டும் மிஞ்சுகிறது? காவி என்பது இரும்புத் துரு கலந்த மண். வெயிலும் மழையும் அதை எளிதில் மாற்றுவதில்லை. இலைச்சாறு, பூச்சாறு போன்ற நிறங்கள் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். அதனால் காலம் போகப் போக உடுப்பு கலைகிறது, ஆபரணம் கலைகிறது, காவிக்கோட்டில் எழுதிய உடம்பு மட்டும் நிற்கிறது.

இந்த வேலைக்கு உலகத்தில் ஒரு நல்ல முன்னோடி உண்டு. 2010இல் கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலில் அகழ்வாய்வுக்கு வந்திருந்த நோயல் ஹிடால்கோ டான் என்ற ஆய்வாளர், ஓய்வு நேரத்தில் உலாவும்போது சுவர்களில் மங்கலான சிவப்புக் கறைகளைக் கண்டார். படம் எடுத்து, கணினியில் நிற வேறுபாட்டைப் பெருக்கிப் பார்த்தார். கறை என்று நினைத்த இடத்தில் யானை இருந்தது, படகு இருந்தது, வாத்தியங்கள் இருந்தன. 2014இல் 'அன்டிகுவிட்டி' ஆய்விதழில் அவரும் கம்போடிய ஆய்வாளர்களும் எழுதியபோது எண்ணிக்கை இருநூறைத் தாண்டியிருந்தது. எத்தனையோ இலட்சம் பேர் அந்தச் சுவர்களைக் கடந்து போயிருக்கிறார்கள்! அவர் கையாண்ட 'டீஸ்ட்ரெச்' என்ற மென்பொருளை எழுதியவர் ஜோன் ஹார்மன். வானிலிருந்து நிலத்தை எடுக்கும் படங்களுக்காக உருவான ஒரு கணக்கு முறையை அவர் பாறை ஓவியங்களுக்குத் திருப்பிவிட்டார். இரண்டு சிவப்புகளுக்கு நடுவே நம் கண்ணுக்குப் பிடிபடாத வித்தியாசத்தை அது இழுத்துப் பெரிதாக்கும். வருகிற நிறம் பொய். வருகிற கோடு மெய்.

ஆசிரியரும் அன்றிரவு அந்த மென்பொருளில் தன் படங்களைப் போட்டார். சுவர் ஊதாவாகியது, பாசி மஞ்சளாகியது, நடுவில் செக்கச்செவேலென்று ஒருவர் எழுந்து நின்றார். உருட்டிய கண், முறுக்கிய மீசை, வலது கையில் அரிவாள். இடது கையில் வட்டமாக ஏதோ ஒன்று.

அந்த வட்டம்தான் தோட்டத்தை ஒரு வாரம் பேசவைத்தது. தப்பு மேளம் என்றார் ஒருவர். வெட்டிய தலை என்றார் இன்னொருவர். லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி மட்டும் கைப்பேசியை வெகுநேரம் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இது ரோத முனிடா தம்பி. மாமியா சொல்லக் கேட்டிருக்கேன், நான் கும்பிட்டதில்ல" என்றார்.

ரோதை என்றால் சக்கரம். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். மலையகத் தோட்டங்களில் ஸ்டோரின் இயந்திரத்துக்குக் காவலாக ரோதை முனி இருக்கிறார், கவ்வாத்து வேலைக்குக் கவ்வாத்துச் சாமி இருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து முனியைக் கூட்டிவந்தவர்கள் இங்கே அவருக்குப் புது வேலை கொடுத்தார்கள். விரலை இழுத்துக்கொள்ளும் உருளைக்கு முன்னால் நிற்கிறவனுக்கு அந்தக் காவல் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை வெளியிலிருந்து அளக்க முடியாது.

பெயர் தொலைவதற்குச் சித்திரம் மங்க வேண்டும் என்பதுகூட இல்லை. இரத்தினபுரி மகா சமன் தேவாலயத்தில் ஒரு கற்சிற்பம் இருக்கிறது. போர்த்துக்கேய வீரன் ஒருவன் வாளும் கேடயமுமாகச் சிங்கள வீரனை மிதித்து நிற்கிறான். நிற்பவன் சிமாவோ பிஞ்ஞாவோ, கிடப்பவர் குருவிட்ட ராள என்று சொல்வது வழக்கம். கல் அப்படியே இருக்கிறது. பெயரை வாய்மொழிதான் சுமக்கிறது.

ஆனால் அந்தக் கல்லுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு, ஸ்டோர்ச் சுவருக்கு இல்லை. இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 என்ற தேதியில் கோடு போடுகிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள் அது. அதற்கு முந்திய கட்டடம் தானாகவே காப்புப் பெறும், பிந்தியதற்கு அரசு தனியாக அறிவிக்க வேண்டும். பெருந்தோட்டக் கோப்பி 1820களில்தான் தொடங்கியது. ஆகவே மலையகத் தமிழர் இந்த நாட்டில் கட்டிய, வரைந்த, கும்பிட்ட அனைத்தும் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுகின்றன. ஒரு லயமோ, ஒரு ஸ்டோரோ, ஒரு மாடனோ விதிவிலக்கு இல்லை. இது சரியில்லை. இருநூறு வருட உழைப்புக்குச் சாட்சியாக நிற்கும் சுவர்களை ஒரு வாளி வெள்ளை அழித்துவிடலாம், கேட்பதற்கு ஆள் கிடையாது.

பெயர் தெரிந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால், அதற்கும் ஒரு தேதி இருக்கிறது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எழுதிவைத்தது. போனவர்களில் பலருக்கு நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகவே 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில், வேலை கிடைத்தது. பிறகு தமிழருக்கு எதிரான 1977, 1981, 1983 வன்செயல்கள் வந்தன. சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து இரவோடிரவாக ஓடிய குடும்பங்கள் வன்னிக்கும் போயின. முகம் இங்கே சுவரில் நின்றது, பெயர் கப்பலேறி நீலகிரியின் கூடலூருக்குப் போய்விட்டது.

பாட்டியின் தங்கை அந்தக் கூடலூரில்தான் இருக்கிறார். பேரன் வழியாக வாட்ஸ்அப்பில் படம் போனது. மூன்றாம் நாள் குரல்பதிவு வந்தது. பின்னணியில் சேவல் கூவுகிறது, யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள். அந்த அம்மா முதலில் பேசவில்லை, மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்கிறது. பிறகு சொல்கிறார்: "அது ரோத முனிதான் தம்பி. கையில வச்சிருக்கது ரோததான், தப்பும் இல்ல, தலையும் இல்ல. எங்கப்பா மெஷினுல வேல செஞ்சாரு. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெத்தலயும் சுருட்டும் வைப்பாரு. சாமி காலுக்குக் கீழ ஒரு நாயி இருக்கணுமே, செவல நாயி. அத ஏன் எடுக்கல?"

ஆசிரியர் எடுத்த படங்களை மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எல்லாவற்றிலும் சுவரின் அடிப்பக்கத்தை மறைத்துக்கொண்டு துருப்பிடித்த தகரப் பீப்பாய்கள் வரிசையாக நின்றன.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பையன்களோடு போய்ப் பீப்பாய்களை உருட்டி வெளியே விட்டார். பின்னால் சுவர் கன்னங்கரேலென்று ஈரமாக இருந்தது. ஒரு பையன் துணியால் துடைக்கப் போனான். ஆசிரியர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். காற்று வரட்டும் என்று கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, நால்வரும் வாசற்படியில் உட்கார்ந்து சுவர் காயக் காத்திருந்தார்கள்.