கூத்துக்கு எத்தனை ஐஎஸ்ஓ வேண்டும்?

செய்யாறு பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா வந்துவிட்டால் பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. அதை விடிய விடியப் படமெடுக்கும் ஸ்டூடியோக்காரர் ஒருவரோடு கூடவே இருந்து பார்த்தேன். கல்யாண ஆர்டர்தான் அவருக்குச் சோறு போடுகிறது. கூத்துப் படங்களுக்கு யாரும் காசு தருவதில்லை, ஆனாலும் எடுக்கிறார்.

மண் தரை, இரண்டு கம்பம், அவற்றில் கட்டிய எல்இடி போகஸ் லைட். பெட்ரோமாக்ஸ் காலத்துக்கு இது பரவாயில்லை. ஆனால் நடிகர் நாலடி தள்ளிப் போனாலே பாதி முகம் இருட்டுக்குள் போய்விடுகிறது.

திரை விலகித் துரியோதனன் வந்தான். நின்று வசனம் பேசும்வரை லென்ஸ் 1.8, ஷட்டர் 1/60, ஐஎஸ்ஓ 1600. சிவப்பு அரிதாரத்தின் மேல் வைத்த வெள்ளைப் புள்ளிகள்கூடத் தெளிவாக விழுந்தன. மத்தளம் வேகம் பிடித்து அவன் சுழலத் தொடங்கியதும் அதே 1/60இல் கிரீடமும் புஜகீர்த்தியும் கலங்கிவிட்டன. ஷட்டரை 1/250க்கு ஏற்றினார். உள்ளே விழும் வெளிச்சம் நாலில் ஒரு பங்கானது. ஐஎஸ்ஓ 6400க்குப் போனது. “கிரெய்ன்ஸ் அடிக்கும் சார், அடிக்கட்டும். ஆடுன படத்தை எந்த சாஃப்ட்வேராலயும் நிறுத்த முடியாது” என்றார்.

ஐஎஸ்ஓவை ஏற்றினால் வெளிச்சம் கூடுவதில்லை. கிடைத்த சொற்ப வெளிச்சத்தைக் கேமரா பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். கிரெய்ன்ஸுக்குப் பயந்து இருட்டாக எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் தூக்கினால், மண்ணை வாரி இறைத்த மாதிரி ஆகிவிடும் என்கிறார். பிலிம் காலத்தில் 400 ரோலை 1600க்கு புஷ் செய்து கழுவியதே பெரிய விஷயம். 2007இல் வந்த நிக்கான் டி3தான் 6400ஐ நம்பி எடுக்கலாம் என்ற தைரியத்தைப் பலருக்குக் கொடுத்தது. சிறு ஊர் ஸ்டூடியோக்காரரால் அதைக் கனவில்தான் வாங்க முடிந்தது.

ஆகவே ஆடும் உடலை இரவில் எடுப்பவருக்கு உயர் ஐஎஸ்ஓ கட்டாயம் வேண்டும். ஆனால் கையில் இருக்கும் பணத்தை முதலில் லென்ஸில் போடுவதே சரி. கேமராவோடு வரும் 5.6 லென்ஸைவிட 1.8 லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். அவருக்கு 6400 போதுமாக இருந்த இடத்தில், 5.6 லென்ஸுக்கு அறுபதாயிரத்துக்கும் மேல் ஐஎஸ்ஓ தேவைப்படும்.

இன்னொரு தொல்லை எல்இடி. மலிவான விளக்குகள் நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நொடிக்கு நூறு முறை மினுங்குகின்றன. ஷட்டர் வேகம் கூடினால் படத்தில் குறுக்கே பட்டை விழுகிறது. பட்டை தெரிந்ததும் அவர் 1/100க்கு இறங்கினார். சுழற்சி முடிந்து தாளத்தில் கால் ஊன்றும் கணத்துக்காகக் காத்திருந்தார். மத்தளத்தைக் கேட்டே அது எப்போது வரும் என்று அவருக்குத் தெரிகிறது. இந்தக் காது எந்தக் கேமராவோடும் வராது.

கூட்டத்தில் சிலர் ஃபிளாஷ் அடித்தார்கள். சுழன்று வரும் நடிகரின் கண்ணில் அது நேராகப் பாய்கிறது. காலுக்குக் கீழே மேடு பள்ளமான மண் தரை. கூத்துக்குக் கேமராவோடு போகிறவர்கள் தயவுசெய்து ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளுங்கள்.