ஆறாவது விதி

"பேத்தி என்ன படிக்கிறாள்?" என்று கடற்கரைச் சாலையில் நடைக்கு வரும் நண்பர்கள் கேட்பதுண்டு. "கம்ப்யூட்டரில் தகவல் அமைப்புகளும் சைபர் செக்யூரிட்டியும்" என்பேன். "போலீஸ் வேலைக்குப் போகப் போகிறாளா?" என்பார் ஒருவர். "அந்தப் படிப்பில் திருடவே சொல்லிக் கொடுக்கிறார்களாமே!" என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் நான் சிரித்துவிட்டு நடையைத் தொடர்வேன். நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அவள் இப்போது மூன்றாம் ஆண்டு. எங்கள் வீட்டில் தங்கித்தான் கல்லூரிக்குப் போய்வருகிறாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அன்று நடந்த பாடத்தை என்னிடம் சொல்லிப் பார்ப்பது அவள் வழக்கம். "உங்களுக்குப் புரிந்துவிட்டால் எனக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம் தாத்தா" என்பாள். இப்படி மூன்று ஆண்டுகள் கேட்டதில் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. அவள் படிப்பதில் பாதி, 1970 முதல் 2009 வரை நான் அரசு அலுவலகங்களில் குமாஸ்தாவாகப் பார்த்த வேலையின் இலக்கணம்தான்.

கம்ப்யூட்டர் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கணக்கிடுவது என்று பொருள். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அது 'ஒர்தினாத்தேர்'. 1955-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை தன் புதிய இயந்திரத்துக்கு ஒரு பெயர் கேட்டபோது, ழாக் பெர்ரே என்ற லத்தீன் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல் அது. ஒழுங்குபடுத்துவது என்று அர்த்தம். உலகத்தை ஒழுங்குபடுத்துகிற கடவுளைக் குறிக்கப் பழைய நூல்களில் வந்த சொல். எனக்கு இந்தப் பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது. கூட்டல் கழித்தல் யாரும் செய்யலாம். எந்தத் தாள் எந்தக் கோப்பில், எந்த வரிசையில், யார் கையெழுத்துக்குப் பிறகு யாரிடம் போகவேண்டும் என்பதல்லவா அலுவலகம்! தகவல் அமைப்பு என்று அவள் படிப்பதும் அதுதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். டேட்டாபேஸ் பாடத்தில், ஒரு கணக்கிலிருந்து பணம் எடுத்து இன்னொரு கணக்கில் வைப்பதானால் இரண்டு பதிவும் நடக்கவேண்டும், இல்லையென்றால் இரண்டும் நடக்கக்கூடாது என்று ஒரு விதி. நடுவில் மின்சாரம் போனால் பழைய நிலைக்கே திரும்பிவிட வேண்டுமாம். பற்று எழுதி வரவு எழுதாமல் சாப்பிடப் போன எழுத்தரை எங்கள் சூப்பரிண்டெண்ட் என்ன பாடு படுத்துவார் என்று நான் அவளுக்குச் சொன்னேன். "அதே விதிதான் தாத்தா" என்றாள்.

பாதுகாப்புப் பாடத்தின் முதல் வகுப்பிலேயே மூன்று சொற்களைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தகவல், பார்க்கக்கூடாதவர் கண்ணில் படக்கூடாது. அதை யாரும் திருத்திவிடக்கூடாது. உரியவர் கேட்கும்போது கைக்குக் கிடைக்கவேண்டும். முதல் இரண்டும் எல்லாருக்கும் தெரியும். மூன்றாவதும் பாதுகாப்பில் சேர்த்தி என்று கேட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "கோப்பு கிடைக்கவில்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்று ஒரு விதவையைத் திருப்பி அனுப்புகிற அலுவலகத்தில் பீரோ எவ்வளவு பத்திரமாகப் பூட்டியிருந்தாலும் அது பாதுகாப்பு இல்லை என்று இந்தப் பிள்ளைகள் பத்தொன்பது வயதிலேயே படிக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

இரண்டாம் ஆண்டில் சங்கேத எழுத்துப் பாடம் வந்தது. அதில்தான் நானும் கொஞ்சம் உதவினேன். ஓகுஸ்த் கெர்க்கோஃப்ஸ் என்று ஒருவர். பிறந்தது ஹாலந்தில், மொழி ஆசிரியராக வாழ்ந்தது பிரான்சில். ராணுவச் சங்கேதங்களைப் பற்றி 1883-இல் பாரிசில் ஒரு ராணுவ இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். இன்றைக்கும் உலகம் முழுவதும் பாதுகாப்பு படிக்கிற பிள்ளைகள் அவர் பெயரைப் படிக்கிறார்கள். பேத்தியின் பாடப் புத்தகத்தில் அவர் சொன்னதாக ஒரே ஒரு விதி இருந்தது. உன் முறை முழுவதும் எதிரிக்குத் தெரிந்துவிட்டாலும் உனக்குக் கெடுதி வரக்கூடாது. சாவி மட்டும் இரகசியமாக இருந்தால் போதும் என்பது அதன் சாரம்.

இது நம் கருவூலத்தில் கண்ணால் பார்த்த சங்கதி. ஸ்ட்ராங் ரூமுக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி கருவூல அதிகாரியிடம், மற்றது பொக்கிஷதாரரிடம். இரண்டு பேரும் வந்தால்தான் கதவு திறக்கும். இது ஊருக்கே தெரியும். தெரிந்ததால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை.

அசல் கட்டுரையைப் படித்து இரண்டு பக்கம் எழுதி வரும்படி ஆசிரியை சொல்லியிருந்தார். இணையத்திலிருந்து அச்செடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். பிரெவே பரீட்சைக்குப் பிறகு நான் அவ்வளவு கவனமாகப் பிரெஞ்சு படித்தது அந்த ஒரு வாரம்தான். பூதக்கண்ணாடியும் பழைய லரூஸ் அகராதியுமாக உட்கார்ந்தேன். மனிதர் ஒரு விதி அல்ல, ஆறு விதி எழுதியிருக்கிறார். முறை நடைமுறையில் உடைக்க முடியாததாக இருக்கவேண்டும் என்பது முதல் விதி. இரண்டாவதைத்தான் மேலே சொன்னேன். சாவி, எழுதி வைக்காமலே நினைவில் நிற்கவேண்டும், வேண்டும்போது மாற்ற முடியவேண்டும் என்பது மூன்றாவது. தந்திக்கு ஒத்துவரவேண்டும் என்பது நான்காவது. கையில் எடுத்துப் போகும்படி இருக்கவேண்டும், இயக்கப் பல பேர் தேவைப்படக்கூடாது என்பது ஐந்தாவது. ஆறாவது விதியைப் படித்துவிட்டு நான் கண்ணாடியைக் கீழே வைத்தேன். முறை சுலபமாக இருக்கவேண்டும். மனத்தை வருத்தவும் கூடாது, நீளமான விதிப்பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லவும் கூடாது என்கிறார்.

குண்டு விழுகிற இடத்தில் பதற்றத்தோடு உட்கார்ந்து செய்தி அனுப்புகிற ஆளை மனத்தில் வைத்து எழுதியது அது. "இது எங்கள் புத்தகத்தில் இல்லையே தாத்தா" என்று அவள் குறித்துக்கொண்டாள். அப்போது அது ஒரு பழைய கட்டுரையின் ஒரு வரி, அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு என்னுடன் வேலை பார்த்த நண்பர் ஒருவருக்கு நடந்ததை அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். முப்பது ஆண்டுக்கு மேல் பில் தணிக்கை செய்தவர். ஐந்து பைசா வித்தியாசத்துக்கு அரை நாள் உட்கார்ந்து தேடுவார். ஒரு காலை அவருக்கு வீடியோ அழைப்பு. போலீஸ் சீருடையில் ஒருவன். "உங்கள் பெயரில் போன பார்சலில் போதைப்பொருள் பிடிபட்டிருக்கிறது. நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள். கேமராவை விட்டு நகரக்கூடாது, யாரிடமும் பேசக்கூடாது" என்றான். மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தார். இரண்டு நாள் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. மூன்றாம் நாள், விசாரணை முடிந்ததும் திரும்பி வந்துவிடும் என்று அவன் சொன்னதை நம்பி, வைப்பு நிதியை உடைத்து 11 லட்சம் அனுப்பினார். பிறகு புகார் கொடுத்ததில் ஒரு சிறு பகுதியை மட்டும் முடக்க முடிந்தது.

ஊர் என்ன பேசியது என்று சொல்லவேண்டியதில்லை. "படித்த மனுஷன், இது கூடத் தெரியாதா?" பணம் போனதைவிட அந்தக் கேள்விதான் அவரைத் தின்றது. நடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

பேத்தி அவரைப் பார்க்க வந்தாள். அரை மணி நேரம் கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டாள். வெளியே வந்ததும் சொன்னாள்: "தாத்தா, பாஸ்வேர்ட் சரியாக இருந்தது. ஓ.டி.பி. சரியாக வந்தது. வங்கியின் சங்கேதத்தை யாரும் உடைக்கவில்லை. எல்லாப் பூட்டும் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. அவர் கையாலேயே திறக்க வைத்திருக்கிறார்கள்."

"அப்படியானால் தப்பு அவருடையதா?" என்று கேட்டேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள். "ஆறாவது விதி" என்றாள்.

பயத்தில் இருக்கிறவனுக்கும் பயன்படுகிற பூட்டுதான் பூட்டு. அன்று அவரிடம் இருந்தவை எல்லாம் தெளிவான மனநிலையில் இருப்பவருக்கு ஏற்றவை. ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே, இணைப்பைத் தொடாதே, கடவுச்சொல்லை மாற்று என்று வங்கிகள் அனுப்புகிற எச்சரிக்கைகளை அச்சடித்தால் ஒரு கையேடு வரும். நீளமான விதிப்பட்டியல் வேண்டாம் என்று 1883-இலேயே ஒருவர் எழுதிவிட்டார். அதை விட்டுவிட்டு ஏமாந்த கிழவனைக் குற்றம் சொல்வது எந்த நியாயம்? அவருடைய அறிவில் குறை இல்லை. நாற்காலியில் தனியாக இருந்தார், அதுதான் குறை.

இந்த ஆண்டு கல்லூரியில் செயல்முறைத் திட்டத்துக்குத் தலைப்பு தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அவளுடைய சிநேகிதிகள் தாக்குதலைக் கண்டுபிடிக்கிற செயற்கை நுண்ணறிவு, அது இது என்று பெரிய பெயராக எடுத்தார்கள். வேலைக்கு ஆள் எடுக்க வருகிறவர்கள் அதைத்தான் விரும்புவார்களாம். இவள் எடுத்தது 'இரண்டாவது சாவி'. வயதானவர் முன்பு பணம் அனுப்பியிராத ஒருவருக்குப் பெரிய தொகை அனுப்பினால் அது உடனே போகாது. அவர் முன்கூட்டியே பெயர் கொடுத்திருக்கும் மகனுக்கோ மகளுக்கோ நண்பருக்கோ செய்தி போகும். அவரும் சரி என்றால்தான் கதவு திறக்கும். மாதிரிக்காகச் செய்வதுதான், நிஜ வங்கி இல்லை.

எங்களுக்குள் வாக்குவாதமும் உண்டு. "ஐந்தாவது விதியில் பல பேர் தேவைப்படக்கூடாது என்று நீங்கள்தானே படித்துச் சொன்னீர்கள்?" என்று மடக்கினாள். பால்காரருக்குப் பணம் கொடுக்க இரண்டாவது ஆள் வேண்டாம், ஸ்ட்ராங் ரூம் கதவுக்கு வேண்டும் என்றேன். "இரண்டாவது சாவி வைத்திருக்கிற பிள்ளையே பேராசைக்காரனாக இருந்தால்?" என்றாள். நல்ல கேள்வி. அதனால் அந்தச் சாவி தடுக்க மட்டும்தான் செய்யும், அதைக் கொண்டு பணத்தை எடுக்க முடியாது என்று மாற்றி அமைத்திருக்கிறாள். "அவசர ஆபரேஷனுக்குப் பணம் கட்டும்போது இது குறுக்கே நின்றால் என்ன செய்வாய்?" என்று நான் கேட்டிருக்கிறேன். உரியவர் கைக்குக் கிடைக்கவேண்டும் என்பதும் பாதுகாப்புதானே! விடை இன்னும் வரவில்லை. தேடிக்கொண்டிருக்கிறாள்.

பெரிய கம்பெனியில் வேலை கிடைக்குமா என்பது அவள் கவலை. எனக்கு வேறு எண்ணம். நம் ஓய்வூதியம், நிலப்பத்திரம், ரேஷன், மருத்துவச் சீட்டு எல்லாம் இனி இந்தப் பிள்ளைகள் கட்டுகிற பெட்டிகளுக்குள்தான் இருக்கப்போகின்றன. எழுபத்தைந்து வயதுக்காரர் கை நடுங்க அதைத் திறப்பார் என்பதைக் கல்லூரியிலேயே நினைத்துப் பார்த்தவள் ஒருத்தி அங்கே இருக்கட்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டிஜிட்டல் கைது என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது; போலீஸ் யாரையும் வீடியோவில் கைது செய்வதில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லவேண்டும். நேரம் ஆக ஆகப் பணத்தை மறிப்பது கடினம். இவ்வளவும் நினைவில் நிற்காது என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் இரண்டாவது சாவி யார் என்று மட்டும் இன்றே முடிவு செய்யுங்கள். யார் எதற்காகப் பணம் கேட்டாலும், எவ்வளவு மிரட்டினாலும், முதலில் அவருக்குப் போன் செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் நண்பருக்கு இப்போது அந்த இரண்டாவது சாவி நான். எனக்கு அவர்.