முறுக்கு ரயிலேறும், ஊர் ஏறாது

ஜாவா வைவாவில் தவறாமல் வரும் கேள்வி: ஸ்டாட்டிக் நெஸ்டட் கிளாஸுக்கும் இன்னர் கிளாஸுக்கும் என்ன வித்தியாசம்? 'முதலாவதுக்கு அவுட்டர் கிளாஸின் ஆப்ஜெக்ட் வேண்டாம், இரண்டாவதுக்கு வேணும்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். மார்க் வந்துவிடும். 'சரி, ஆப்ஜெக்ட் இருந்தால் என்ன கெட்டுப்போச்சு?' என்று அடுத்த கேள்வி வந்தால்தான் வேர்க்கும்.

பிளேஸ்மென்ட் சீசனில் என் ரூம்மேட் கேட்டதும் இதைத்தான். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம் படித்தவன். "டெஃபனிஷன் எல்லாம் மனப்பாடம்டா, ஆனா உள்ள இறங்கல" என்றான். நான் எல்.கே.ஜி.யிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். ஆனாலும் விளக்க ஆரம்பித்தபோது எனக்கு வாயில் வந்தது தமிழ்தான், அதுவும் எங்க ஊர் முறுக்கு.

எனக்கு ஊர் மணப்பாறை. 2023இல் எங்க முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 'மணப்பாறை முறுக்கு' என்ற பெயருக்குள்ளேயே ஊர் இருக்கிறது. ஆனால் ஸ்டேஷனில் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போனால் ஊரும் கூடவே வருமா? பெயர் மட்டும்தான் வரும். ஸ்டாட்டிக் நெஸ்டட் கிளாஸ் அப்படித்தான். இன்னர் கிளாஸ் மளிகைக் கடையின் கடன் நோட்டு மாதிரி. எந்தக் கடை என்று தெரியாமல் அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. அதனால் ஒவ்வொரு இன்னர் ஆப்ஜெக்டும் தன் அவுட்டர் ஆப்ஜெக்டின் ரெஃபரன்ஸைக் கையில் பிடித்திருக்கும். பொதுவாக, நாம் எழுதாமலே கம்பைலர் அதைச் சேர்த்துவிடும்.

இந்தப் பிடிதான் வில்லன். ஆண்ட்ராய்டில் ஒரு ஆக்டிவிட்டிக்குள் ஹேண்ட்லரை இன்னர் கிளாஸாக எழுதி, பத்து நிமிடம் கழித்து ஓடும்படி ஒரு மெசேஜ் போடுகிறோம். அதற்குள் போனைப் படுக்கவைத்துத் திருப்பினால் பழைய ஆக்டிவிட்டி போய்ப் புதியது வரும். ஆனால் கியூவில் காத்திருக்கும் மெசேஜ் ஹேண்ட்லரைப் பிடித்திருக்கிறது, ஹேண்ட்லர் பழைய ஆக்டிவிட்டியைப் பிடித்திருக்கிறது. கார்பேஜ் கலெக்டர் எட்டிப் பார்த்து, 'இன்னும் ஆள் இருக்கு' என்று போய்விடும். மெமரி லீக்! நம்ம 8 ஜிபி போனில் இது தெரியாது. அப்பா கையில் இருக்கும் 2 ஜிபி போன் திணறும். ஹேண்ட்லரை ஸ்டாட்டிக் ஆக்கி, ஆக்டிவிட்டியை வீக் ரெஃபரன்ஸாக வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

ஜாவா லைப்ரரியைத் திறந்து பாருங்கள். ஹேஷ்மேப்பின் நோட் ஸ்டாட்டிக். கீயும் வேல்யூவும் வைத்திருக்க அதற்கு மேப் எதற்கு? பத்து லட்சம் நோட் இருந்தால் பத்து லட்சம் வீண் பிடி மிச்சம். அதே ஹேஷ்மேப்பின் கீசெட் இன்னர் கிளாஸ், ஏனென்றால் அது அந்தக் குறிப்பிட்ட மேப்பைப் பார்த்தே ஆகவேண்டும். கோட்லின்காரர்கள் இதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். அங்கே உள்ளே எழுதும் கிளாஸ் தானாகவே ஸ்டாட்டிக் மாதிரி. பிடி வேண்டுமென்றால் நாமே 'இன்னர்' என்று எழுதிக் கேட்க வேண்டும்.

ரூம்மேட்டுக்கு இன்டர்வியூவில் இந்தக் கேள்வி வரவே இல்லை. மெமரி லீக் பற்றி வேறொரு கேள்வி வந்ததாம். "யாரு யாரைப் பிடிச்சிருக்கான்னு மனசுக்குள்ள தமிழ்லயே யோசிச்சேன், இங்கிலீஷ்ல சொன்னேன்" என்றான்.

ஆகவே ஜூனியர்களே, கிளாஸுக்குள் கிளாஸ் எழுதும்போது முதலில் ஸ்டாட்டிக் போடுங்கள். வெளி ஆப்ஜெக்ட் நிஜமாகவே தேவைப்பட்டால் மட்டும் எடுங்கள். புரியவில்லையென்றால் இன்னொரு இங்கிலீஷ் வீடியோ தேடும் முன், பக்கத்தில் இருப்பவனிடம் தமிழில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.