புட்டியில் அடைக்க எத்தனை நாள்?

கள்ளை வைத்திருந்து குடிப்பவர் யாரும் இல்லை. பானைக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர். தடவாவிட்டால் மரத்திலிருந்து இறக்கும்போதே கள். காலையில் இனிப்பு, மாலையில் கடுப்பு, மறுநாள் புளிப்பு, அதற்கப்புறம் காடி. பிரெஞ்சில் வினேகர் என்ற சொல்லுக்கே 'புளித்த வைன்' என்றுதான் பொருள். இதற்கெல்லாம் காரணம் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் என்று நிறுவியவர் லூயி பாஸ்டர். 1876இல் பியரைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதினார். பள்ளியில் அவரைப் படித்தபோது எனக்குப் புதிதாக இல்லை. எங்கள் ஆயாவின் ஜாடியில் பார்த்ததுதான்.

கிறிஸ்துமஸுக்கு ஆயா வைன் போடுவார். கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை. பீங்கான் ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, தினம் ஒருமுறை மரக்கரண்டியால் கிளறுவார். 21 நாள் கணக்கு. ஆனாலும் நாளை மட்டும் நம்பமாட்டார். ஜாடியில் காதை வைத்து, "இன்னும் பேசுது, தொடாதே" என்பார். பேச்சு அடங்கிய பிறகே வடிகட்டி, தெளியவிட்டு, புட்டியில் ஊற்றுவார்.

சொல்தா பென்ஷன் வாங்கிய எங்கள் பெரியப்பாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரு வருஷம் பத்தாம் நாளே புட்டியில் ஊற்றித் தக்கையை இறுக்கிவிட்டார். சர்க்கரை மீதி இருந்தது; உள்ளே வாயு சேர்ந்துகொண்டே போனது. அலமாரியைத் திறந்த நேரத்தில் ஒரு புட்டி வெடித்து மணிக்கட்டைக் கிழித்தது. ஒரு சாண் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது.

இப்போது பிரான்சில் என் பேரன் வீட்டிலேயே பியர் செய்கிறான். "ஆறு வாரமா வாளியிலேயே இருக்கு தாத்தா, கெட்டுப்போயிருக்குமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

சீக்கிரம் அடைத்தால் ஆளுக்கு ஆபத்து. தாமதித்தால் பெரும்பாலும் ருசிக்குத்தான் நஷ்டம். சாதாரண பியர் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அடர்த்திமானி மூன்று நாள் ஒரே அளவைக் காட்டினால் அடைக்கலாம். மூடி திறக்காமல், குளிர்ந்த இடத்தில் இருந்தால் ஆறு வாரத்துக்குப் பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் வண்டலின்மேல் கிடந்தால் செத்த ஈஸ்ட் சிதைந்து வாடை ஏறும். அதற்குமேல் காத்திருக்க வேண்டுமானால் வண்டலை விட்டு, கழுத்துவரை நிரம்பும் வேறு பாத்திரத்துக்கு மாற்றவேண்டும். காற்றுப் பட்டால் காடியாகும். ரொம்ப நாள் ஆனதென்றால் அடைக்கும்போது சிட்டிகை புது ஈஸ்ட் சேர்க்கலாம். நுரைக்கு லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை போதும், அளந்து போடவேண்டும்.

வட பிரான்சில் 'பியேர் த கார்த்' என்று ஒன்று உண்டு. குளிர்காலத்தில் காய்ச்சி, கோடைக்கு வைத்திருப்பது. லாகர் என்ற ஜெர்மன் சொல்லுக்கும் கிடங்கு என்றுதான் பொருள். அதெல்லாம் அந்த ஊர்க் குளிருக்கு. நம் சித்திரை வெயிலில் ஆறு வாரம் வாளியில் வைத்தால் குடிக்க ஆகாது. தவிர, இங்கே உரிமம் இல்லாமல் பியர் காய்ச்சுவது குற்றம். ஆகவே படித்துவிட்டு யாரும் வாளியைத் தேடவேண்டாம்!